காரின் கூரைத் துணியும் நம் ரப்பரும்



மோட்டார் வண்டிக்கும் ரப்பருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நம் வீட்டுச் சிறு பிள்ளைகூட டயர் என்று பதில் சொல்லிவிடும். அது சரியான பதில்தான். ஆனால் அதே வண்டியில் வேறோர் இடத்திலும் நம் ரப்பர் இருந்தது. டயருக்கு முன்பே அது அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. இரண்டு துணிகளுக்கு நடுவே வெளியே தெரியாமல் கிடந்ததால் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. திறந்த காரின் மடக்குக் கூரையைத்தான் சொல்கிறோம்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு குளுவாங்கில் ஒரு குஷன் கடைக்குப் போயிருந்தோம். கார் இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் கடை அது. அங்கே 1930களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு மோரிஸ் எய்ட் கார் நின்றது. நான்கு பேர் அமரும் திறந்த வண்டி. சொந்தக்காரர் அதை உயிர்ப்பிக்க ஆசைப்பட்டு, இயந்திரத்தைச் சரிசெய்து, சாயமும் பூசிவிட்டார். மிச்சமிருந்தது மழைக்காப்பு மட்டுமே. கடைக்காரப் பெரியவர் பழைய கூரைத் துணியைக் கழற்றிக் கத்தரியால் வெட்டினார். வெட்டிய விளிம்பைப் பிள்ளைகளிடம் காட்டினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று. விரலால் தேய்த்தால் அது பொடியாக உதிர்ந்தது.

"சார், இது நம்ப பாலா?" என்று ஒரு பையன் கேட்டான்.

நல்ல கேள்விதான். அந்தத் துண்டில் இருந்த பால் எந்த நாட்டு மரத்தில் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. இலங்கையாகவும் இருக்கலாம், சுமத்திராவாகவும் இருக்கலாம். ஆனால் 1920களில் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. ஆகவே அவன் கேட்டது வீண் கேள்வி அன்று. அதற்குப் பதில் தேடிப் போனால் ஒரு வரலாறே வருகிறது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் சார்ல்ஸ் மேக்கின்டோஷ் என்ற வேதியியலாளர் இருந்தார். அக்காலத்தில் தெருவிளக்குகளுக்காக நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்தார்கள். அந்த வேலையில் தார் கழிவாக மிஞ்சியது. அந்தத் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா என்ற எண்ணெயில் ரப்பர் கரைகிறது என்று அவர் கண்டார். கரைந்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி அழுத்தினார். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காயா தடவுகிறோமே, அதைப் போலத்தான். 1823-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் ஆங்கிலேயர் மழைக்கோட்டுக்கு அவர் பெயரையே வைத்து அழைக்கிறார்கள். சைக்கிள் டியூப்பில் ஓட்டை அடைக்கப் பூசும் பசையும் இவ்வகை எண்ணெயில் ரப்பரைக் கரைத்துச் செய்ததுதான். அந்த வாடை நமக்குத் தெரியும் அல்லவா? மேக்கின்டோஷின் கோட்டு அணிந்தவர்களும் அந்த வாடையோடுதான் தெருவில் நடந்தார்கள்.

துணி தண்ணீரை நிறுத்தியது; ஆனால் தையற்காரரின் ஊசி அந்த வேலையைக் கெடுத்தது. ஊசி குத்திய ஒவ்வொரு துளை வழியாகவும் மழை உள்ளே வந்தது. இது போதாதென்று வெயில் காலத்தில் ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது, குளிர் காலத்தில் பலகை போல விறைத்தது. ஜொகூர் வெயிலில் ஒரு மணி நேரம் அந்தக் கோட்டை வைத்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் குறையைப் போக்கியவர் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர். பல ஆண்டுகள் கடனிலும் வறுமையிலும் உழன்றவர். 1839-இல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது இளகாமலும் விறைக்காமலும் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். ரப்பர் என்பது மிக நீண்ட இழைகளின் சிக்கல். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் பச்சை ரப்பர் இளகுகிறது. கந்தகம் அந்த இழைகளை இடையிடையே முடிச்சுப் போட்டுவிடுகிறது. மீன்வலையைப் போல அது இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். குட்இயர் 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதற்குச் சற்று முன்பே தம் பெயரில் பதிந்துகொண்டார். கண்டுபிடிப்பு யாருடையது என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 1860-இல் இறந்தபோதும் குட்இயர் கடனாளியாகவே இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய பெரிய டயர் நிறுவனம் அவர் இறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் குடும்பத்துக்குத் தொடர்பில்லாத வேறொருவரால் தொடங்கப்பட்டது. பெயரையாவது வைத்தார்களே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவும் நடந்து முடிந்தபோது மோட்டார் கார் பிறக்கவே இல்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-இல். அதற்குக் கூரை கிடையாது. 1896-இல் சிங்கப்பூருக்கு முதல் கார் வந்தது. அதுவும் ஒரு பென்ஸ் வண்டிதான். தொடக்கக் காலக் கார்கள் குதிரை வண்டியின் உடலில் இயந்திரத்தைப் பொருத்தியவை. ஆகவே கூரையும் குதிரை வண்டியின் வழியிலேயே வந்தது.

மடக்குக் கூரை எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. நம் பாட்டன்மார் ஊரில் பார்த்த கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலை வளைத்து நட்டு, மேலே பாயைப் போர்த்தியிருப்பார்கள். காரிலும் வளைத்த மரச் சட்டங்கள் மூன்று நான்கு உண்டு. ஆனால் அவை இரும்புக் கைகளில் கீல் வைத்துப் பொருத்தப்பட்டவை. விசிறியைப் போல விரியும், மடங்கும். 1880-இல் சிங்கப்பூருக்கு வந்த கைரிக்‌ஷாவிலும் இதே மடக்குக் கூரைதான். சட்டங்களுக்கு இடையே பட்டைநாடாவை இழுத்துக் கட்டி, அதன் மேல் ரப்பர் பூசிய இரட்டைத் துணியைப் போர்த்துவார்கள்.

பக்கங்களில் கண்ணாடி இல்லை. அதற்குத் தனித்தனித் திரைகள் உண்டு. அவற்றின் நடுவே செல்லுலாய்டு என்ற ஒளி ஊடுருவும் தகட்டைத் தைத்திருப்பார்கள். பழைய சினிமாச் சுருளும் மேசைப் பந்தும் செய்யப்பட்ட அதே பொருள். நாளாக ஆகச் செல்லுலாய்டு மஞ்சளாகி, வெடித்து, பழுத்த இலை போலாகிவிடும். தீப்பட்டால் குபீரென்று எரியும். மழை பிடித்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கூரையைத் தூக்கி நிறுத்தி, திரைகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பித்தானிட வேண்டும். இது எந்தக் கதவின் திரை, எந்தப் பித்தான் எங்கே என்று தேடுவதற்குள் நம் ஊர் மழை ஆளை நனைத்து முடித்திருக்கும். பழைய கூரைகள் சிலவற்றைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். பின்னாளில் ஒரே ஆள் தூக்கும்படி செய்ததைப் பெரிய சாதனையாக விளம்பரம் செய்தார்கள்.

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரிலும் மிகுதியாக விற்றது திறந்த வகையே. ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு டயர், ஒரு கூரை, ஒரு கட்டுத் திரை. இத்தனைக்கும் ரப்பர் எங்கிருந்து வந்தது?

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு அவற்றிலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காப்பி பயிரிட்ட துரைமார்களிடம் ரப்பர் நடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கினார். மலாக்காவில் டான் சே யான் 1896-இல் வணிகத்துக்காக ரப்பரை நட்ட பிறகுதான் மற்றவர்கள் விழித்தார்கள். 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதை நெடுகக் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. நம் முன்னோர் இரயிலிலும் கால்நடையாகவும் வந்து இறங்கியது இந்தக் காலத்தில்தான். 1910-இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேலே போனது.

அப்போது ஜொகூரை ஆண்டவர் சுல்தான் இப்ராஹிம். 1895 முதல் 1959 வரை அரியணையில் இருந்தவர். அவர் ஆட்சியின் தொடக்கக் காலத்தில் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே காரை ஓட்டிப் போக வழியில்லை. நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டும். கல்லைக் கொட்டிக் கட்டிய கடற்பாலம் 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் முறைப்படி திறக்கப்பட்ட பின்பே சக்கரம் தடையின்றி உருண்டது. நடுக்கடலில் மழை வந்தால் ஒதுங்க மரம்கூடக் கிடையாது. கூரைத் துணி நல்லதாக இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

தோட்டத்திலும் துரை திறந்த காரில்தான் வந்தார் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மண்சாலையில் செம்புழுதி பறக்க வருவாராம். மழை வந்தால் கூரையை இழுத்து மூடிக்கொண்டு போய்விடுவாராம். மரம் வெட்டப் போனவர்களுக்கோ கோணிச் சாக்குதான் காப்பு. சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளிக் கூம்பாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் சாக்கும் நனைந்து பாரமாகிவிடும். காண்டாவில் தொங்கும் வாளியில் மழைநீர் கலந்தால் பால் கெட்டது. மங்கில் நிறைந்தால் வழிந்தது. விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டால் பிரட்டு கலைந்துவிடும். வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. துணியை மழை தாண்டாதபடி செய்யும் பொருளைத் தந்தவர்களின் முதுகில் அந்தத் துணி ஒரு முழம்கூட ஏறவில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1920களின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று தரக்கூலி விதிக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. 1929-இல் அமெரிக்காவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன; 1932-இல் அது ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சமாக விழுந்தது. கார் வாங்க ஆளில்லை, ஆகவே டயருக்கும் கூரைக்கும் ரப்பர் வேண்டியதில்லை. அந்த ஆண்டு லண்டனில் ஒரு ராத்தல் இரண்டு பென்னிக்கும் கீழே போனது. இங்கே கூலி வெட்டப்பட்டது; 1930 முதல் 1932 வரை நம்மவர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டெட்ராய்ட்டில் ஒரு கார் விற்காமல் நின்றதற்கும் லாபிஸில் ஒரு லயம் காலியானதற்கும் இப்படி ஒரு முடிச்சு இருந்தது.

இதற்கிடையே காரின் உருவமே மாறிக்கொண்டிருந்தது. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய வகை. 1927-இல் நூற்றுக்கு 85 மூடியவை. இரும்புத் தகட்டை அழுத்தி உடல் செய்வது மலிவானதும், மக்கள் கண்ணாடி வைத்த வண்டியையே விரும்பினார்கள். திறந்த வண்டி ஆசைக்கு வாங்குவதாகச் சுருங்கியது. பிறகு போர் வந்தது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 31-இல் பின்வாங்கிய படையினர் கடற்பாலத்தில் சுமார் 70 அடியைத் தகர்த்தார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் நம் ஆட்கள் சயாம் மரண இரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பலர் திரும்பவில்லை. நம் ரப்பர் கிடைக்காமல் போனதால் அமெரிக்கா செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளைக் கட்டியது. போருக்குப் பின் பிளாஸ்டிக் பூசிய துணி மலிவாக வந்து கார்க் கூரைகளிலும் ஏறிக்கொண்டது.

இனிக் குளுவாங் கடைக்குத் திரும்புவோம். பழைய முறைப்படியே செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர் விரும்பியதால், இரட்டைத் துணியை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். பிளாஸ்டிக் துணி போதாதா என்று கேட்டோம். பெரியவர் தலையை ஆட்டினார். பிளாஸ்டிக் வெயிலில் இறுகி மடிப்பில் வெடிக்கும் என்றார். இரட்டைத் துணியின் அமைப்பு உண்மையிலேயே நுட்பமானது. ரப்பருக்குப் பெரிய பகை வெயிலும் காற்றும். மேல் துணி வெயிலைத் தாங்கி ரப்பரைக் காக்கிறது. ரப்பர் மழையைத் தாங்கி உள்ளே இருப்பவரைக் காக்கிறது. மேல் துணி இற்றுப்போனால் ரப்பரும் சீக்கிரம் பொடியாகும்.

முதலில் மரச் சட்டங்களைப் பார்த்தார். இரண்டு சட்டங்களைக் கறையான் அரித்திருந்தது. புதிய மரத்தை வளைத்துப் பொருத்தினார். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். சட்டம் அரை அங்குலம் தாழ்ந்தாலும் துணி தொய்யும். தொய்ந்த இடத்தில் மழைநீர் குளமாகத் தேங்கும். தேங்கிய நீர் எப்படியும் வழி தேடிக்கொள்ளும். பட்டைநாடாவை இழுத்துக் கட்டிய பிறகு, பழைய துணியையே அச்சாக வைத்துப் புதிய துணியில் கோடு போட்டார். நடுக்கோட்டை வண்டியின் நடுவோடு பொருத்தி, பின்பக்கம் ஆணியடித்து, முன்பக்கம் இழுத்து, பிறகு பக்கவாட்டில் சிறிது சிறிதாக இழுத்தார். ஒரே மூச்சில் இழுத்தால் கோணிக்கொள்ளுமாம். வெயிலில் வைத்து, மறுநாள் திரும்பவும் இழுத்தார்.

தையலில்தான் மேக்கின்டோஷின் பழைய தொல்லை தலைகாட்டியது. ஊசி குத்தினால் துளை. அதற்குப் பெரியவர் செய்தது இதுதான்: இரண்டு விளிம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேல்மடிப்பு நீர் ஓடும் பக்கம் பார்க்கும்படி வைத்துத் தைத்தார். அத்தாப்புக் கூரையில் ஓலையை ஒன்றன்மேல் ஒன்று போடுவதைப் போலத்தான். நூல் பருத்தியாக இருந்தால் நனைந்ததும் உப்பித் துளையை அடைக்கும், ஆனால் சீக்கிரம் இற்றுவிடும். ஆகவே உள்ளே செயற்கை இழையும் வெளியே பருத்தியும் கொண்ட நூலைப் பயன்படுத்தினார். தைத்த வரிசையின் மேல் மெழுகைத் தேய்த்தார். பழைய பித்தளைப் பித்தான்களில் களிம்பு ஏறியவற்றை ஒதுக்கினார். தாமிரம் ரப்பரைக் கெடுக்கும். பாலைச் செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று ரப்பர் ஆலைகளில் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பக்கத் திரைகளுக்குச் செல்லுலாய்டைத் தேடவில்லை. தீப்பிடிக்கும் பொருளை எதற்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்? தெளிவான பிளாஸ்டிக் தகட்டைத் தைத்தார். சொந்தக்காரர் சற்று முகம் சுளித்தார். நம் கருத்தில் பெரியவர் செய்ததே சரி.

எல்லாம் முடிந்ததும் பிள்ளைகளிடம் வாளியைக் கொடுத்து, வண்டியின்மேல் நீரை ஊற்றச் சொன்னார். ஒருவன் உள்ளே உட்கார்ந்துகொண்டான். நாலைந்து வாளி ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது வாளியில் உள்ளே இருந்தவன் கத்தினான். முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரை சேரும் மூலையில் சொட்டியது. பெரியவர் ஒரு ரப்பர்ப் பட்டையை வெட்டி அந்த இடுக்கில் ஒட்டினார்.

"துணி நனையலாம் தம்பி, தண்ணிதான் உள்ள வரக் கூடாது. ஈரத்தோட மட்டும் மடிச்சு வச்சிடாதீங்க, பூஞ்சை பிடிச்சிடும்" என்றார்.

அப்பன் ஆத்தாளோடு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவராம் அவர். பால்மரத்தின் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போலச் சுற்றி, மேல் விளிம்பைத் தாரால் அடைத்து மழை நீரைத் தடுப்பது சில தோட்டங்களில் வழக்கம். அந்த வேலையைச் சிறுவயதில் தாமும் செய்ததாகச் சொன்னார். மரத்துக்கும் காருக்கும் ஒரே வித்தை, மேலே இடைவெளி விடாமல் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சிரித்தார்.

புறப்படும்போது கழற்றிய பழைய துணியில் ஒரு சாண் நீளத் துண்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று படிக்கும் பிள்ளைகளில் பலர் மங்கையும் உளியையும் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துண்டு இப்போது வகுப்பறை அலமாரியில், ஒரு பழைய மங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெட்டிய விளிம்பு முன்பக்கம் பார்க்கும்படி வைத்திருக்கிறோம்.